கண்மணி இனி வாசலில் நிற்க மாட்டாள்

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணா அவர்களுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. இங்கே அனைவரும் என்றால் நான் ஒருத்தி, அப்புறம் இஸ்திரிப் பெட்டி. பெட்டி நலம். தங்கள் உடல்நிலையும் அண்ணியின் மூட்டுவலியும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். ஆவல் என்பதும் முறைக்காக எழுதியதுதான். போன மாதம் முழுக்கத் தாங்கள் போனை எடுக்கவில்லை. எடுத்த ஒரு தடவையும் "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டீர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு என்ன மீட்டிங் என்று நான் கேட்கவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கடிதத்தை நடுவில் வைத்துவிட முடியாது, பிரித்தால் கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

விஷயம் ஊர் நூலகம் நடத்துகிற இந்த இலக்கிய நடைப்பயணம்தான். நம் வீட்டு வாசலிலும் நிற்கலாமா என்று நூலகத்துக்காரர்கள் கேட்டபோது தாங்கள் அங்கிருந்தே "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டீர்கள். அந்தச் சரியைச் சுமந்துகொண்டு இங்கே நிற்கிறவள் நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வழிகாட்டித் தம்பி கழுத்தில் மைக்கும் இடுப்பில் சின்ன ஸ்பீக்கருமாக ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு நம் தெருக்களைச் சுற்றி வருகிறான். எந்தக் கவிஞர் எந்த வீட்டில் இருந்தார், எந்தப் பாட்டு எந்த முக்கில் பிறந்தது என்று காட்டிவிட்டு, அந்த இடத்திலேயே ஒருவர் கவிதையைப் படிப்பார், பாட்டு டீச்சர் ஒருவர் பாடுவார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள், கைதட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்வார்கள். நாடகப் பாட்டு எழுதினவர் குடியிருந்த மாடியில் இப்போது பல் டாக்டர் இருக்கிறார். கன்னம் வீங்கி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நடுவே போய் நின்று காதல் பாட்டுப் பாடுகிறார்கள். பல்வலிக்காரர்களால் வாயைத் திறந்து எதிர்த்துப் பேச முடியாது என்பதால் அங்கே நிகழ்ச்சி நன்றாக நடக்கிறது. அங்கிருந்து நேராக நம் வீட்டுக்கு வருகிறார்கள்.

முதல் தடவை வந்தபோது எனக்குத் தகவலே இல்லை. வாரத்திலேயே எனக்குப் பெரிய வேலை ஞாயிற்றுக்கிழமைதான், திங்கள் காலை ஆபீஸ் போகிறவர்களின் சட்டையெல்லாம் அன்றைக்குத்தான் தேய்த்து முடிக்க வேண்டும். தெருப்பக்கம் தனிக் கதவு இருப்பது அப்பாவின் எழுத்தறைக்கு மட்டும்தான் என்பதால் அதைத்தான் கடையாக்கியிருக்கிறேன், அது தங்களுக்கும் தெரியும். வழிகாட்டித் தம்பி எட்டிப் பார்த்தான். கவிஞர் எழுதிய அறையில் ஊரார் கால்சட்டை தொங்குவதைக் கண்டு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டான். அப்புறம் சமாளித்துக்கொண்டு, "கவிஞரோட மகள் உழைப்பையே கவிதையா எழுதிக்கிட்டிருக்காங்க" என்று மைக்கில் சொல்லிவிட்டான். கால்சட்டைக்காகக் காத்திருந்த ஒரு வாடிக்கையாளரை என் வீட்டுக்காரர் என்று நினைத்து என் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். அந்த மனிதரும் மறுக்காமல் தலையை வாரிக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரர் கண்ணை மூடி இத்தனை வருஷம் கழித்து எனக்கு இப்படி ஒரு ஜோடி. அந்தப் போட்டோ இன்றைக்கும் நூலக வாசலில் ஒட்டியிருக்கிறது, அந்த மனிதரின் மனைவி துணியை இப்போது வேறு கடையில் கொடுக்கிறாள்.

அதுகூடப் போகட்டும். நம் வாசலில் நின்று அவர்கள் பாடுவது எது என்று நினைக்கிறாய்? (இனி நீ என்றே எழுதுகிறேன் அண்ணா, தாங்களும் நீங்களும் கோபத்துக்கு இடைஞ்சலாக இருக்கின்றன.) தாலாட்டு. அப்பா வாழ்நாளெல்லாம் எழுதித் தள்ளியதில் ஊருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

கதவைச் சாத்தாதே காற்றே, கண்மணி தூங்குகிறாள்;
கால்பதித்து நடக்காதே மழையே, கண்மணி தூங்குகிறாள்;
மடியிலே கனக்கின்றாள், மனமில்லை எழுந்திருக்க;
எழுத்தெல்லாம் கிடக்கட்டும், இவள்முகமே படித்திருக்க.

பாடி முடித்ததும் வழிகாட்டித் தம்பி, "அந்தக் கண்மணி யாரு தெரியுமா?" என்று கேட்டு, ஒரு நிறுத்து நிறுத்தி, "இதோ நிக்கிறாங்க" என்று என் பக்கம் கையைக் காட்டுவான். ஐம்பத்தெட்டு வயது, தலையில் துண்டு, கையில் தண்ணீர் தெளிக்கிற பாட்டில். கூட்டம் மொத்தமும் அப்படியே உருகிவிடும்.

கண்மணி எப்படித் தூங்கினாள் என்று உனக்கும் எனக்கும் தெரியும். அப்பா தபால் ஆபீஸில் நாளெல்லாம் கடிதம் பிரித்துப் போட்டுவிட்டு வருவார், சாப்பிடுவார், தன் எழுத்தறையான முன்னறைக்குள் போய் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். அதற்கப்புறம் வீட்டில் ஒரு சத்தம் கூடாது. சொட்டுச் சத்தம் கேட்கக் கூடாது என்று அம்மா குழாயின் வாயில் துணியைக் கட்டுவாள். நம் இருவரையும் வீட்டுப் பின்பக்கம் கொண்டுபோய் உட்கார்த்தி வைப்பாள், மழையானாலும் அங்கேதான். உனக்குக் கக்குவான் இருமல் வந்த வருஷம் மறந்திருக்காது. இருமல் கிளம்பும்போதெல்லாம் அம்மா உன் முகத்தைத் தன் புடவைக்குள் அழுத்திக்கொள்வாள், நீ மூச்சு முட்டிக் காலை உதைத்துக்கொள்வாய், நான் உன் காலைப் பிடித்துக்கொள்வேன், கால் பட்டு வாளி உருளக் கூடாதே என்று. அந்த வருஷம்தான் இந்தத் தாலாட்டு அச்சில் வந்தது. காற்றைக் கதவு சாத்த வேண்டாம் என்று கெஞ்சிய மனிதர், நம் மூஞ்சிக்கு நேரே சாத்திய கதவு எத்தனை. அப்படிப்பட்டவரைப் பற்றி நீ நினைவு மலரில் "அப்பாவின் மடியில்" என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். எந்த அப்பா, யாருடைய மடி என்று படித்து முடித்தும் எனக்கு விளங்கவில்லை. நடைக்கு வருகிறவர்கள் எல்லோர் கையிலும் அதன் நகல் இருக்கிறது, அதைக் காட்டித்தான் என்னை வாசலுக்கு இழுக்கிறார்கள்.

இரண்டாவது வாரம் வழிகாட்டித் தம்பி வந்து, "அக்கா, இந்தப் பாட்டை நீங்களே பாடினா எப்படி இருக்கும்" என்றான். எனக்குத் தெரியாது என்றேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டான். உண்மையாகவே தெரியாது அண்ணா, யாராவது பாடியிருந்தால்தானே தெரியும். அப்போதாவது நீ போனை எடுத்தாய், அழாத குறையாகச் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "அஞ்சு நிமிஷம் நின்னு பாடிட்டுப் போயேன், உனக்கு என்ன குறைஞ்சிடப் போகுது. அப்பா பேரு நிலைக்கட்டுமே." அப்பா பேர் நிலைக்க நான் தொண்டையைத் தீட்ட வேண்டியதாகிவிட்டது. எனக்குப் பாடியதாகச் சொல்கிற தாலாட்டை, என் வீட்டு வாசலில், எனக்குச் சொல்லிக்கொடுக்கப் பாட்டு டீச்சர் வந்தார். அவரே போட்ட மெட்டு அது. "மடியிலே கனக்கின்றாள்" என்கிற இடத்தில் குரல் ஏறு ஏறு என்று ஏறிப் போய் மேலே எங்கேயோ தொங்கும், குழந்தை கனக்கிறதா கிணற்றில் விழுந்துவிட்டதா என்று கேட்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். நான் எட்டாமல் திணறும்போதெல்லாம் அவர், "பரவாயில்லம்மா, உணர்ச்சி வசப்படறீங்க, அது இயல்புதான்" என்று முதுகைத் தடவினார்.

முதன்முதல் நான் பாடிய ஞாயிற்றுக்கிழமை பெட்டியைச் சட்டை மேலேயே வைத்துவிட்டு வாசலுக்கு வந்திருக்கிறேன். மூன்றாவது வரிக்குப் போகும்போது உள்ளேயிருந்து புகை. எனக்கு மூக்கில் ஏறிவிட்டது, ஓடலாம் என்று திரும்பினால் வழிகாட்டித் தம்பி கையை அமர்த்தி, "நிறுத்தாதீங்க அக்கா, அருமையா வருது" என்று ஜாடை காட்டுகிறான். யாரோ சாம்பிராணி ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று ஒரு அம்மாள் பக்கத்து அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் ஒரு பெரிய மனிதர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்து உள்ளே ஓடிப் பார்த்தால், கருகினது அவருடைய சட்டைதான். அதைப் பார்த்ததும் அவர் கண்ணீர் நின்றுவிட்டது. "பாட்டு வேற, சட்டை வேறம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார், மறுநாள் வந்து புதுச் சட்டை ஒன்றை எடுத்துத் தரச்சொல்லி வாங்கிக்கொண்டும் போனார்.

பாட்டுக்குப் பிறகு கேள்வி நேரம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு ஒரு வெட்கம் கிடையாது. "அப்பா மடியில படுத்திருந்தது எப்படிம்மா இருக்கும்?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு வாயில் என்ன வரும்? "கஞ்சி போட்ட வேட்டி, கொஞ்சம் மொடமொடன்னு இருக்கும்" என்றேன். அதைக் குறித்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் வழிகாட்டித் தம்பி அதையும் சேர்த்துச் சொல்கிறான், "மொடமொடப்பான வேட்டியின் மென்மையான மடி" என்று. துணி வேலை செய்கிற எனக்கே அது எப்படி என்று புரியவில்லை.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போன வாரம் உண்மையைச் சொல்லிவிட்டேன். பாட மாட்டேன், பேசுகிறேன் என்று மைக்கை வாங்கினேன். குழாயில் துணி கட்டினது, பின்பக்கம் மழையில் உட்கார்ந்தது, உன் இருமல், நான் உன் காலைப் பிடித்தது எல்லாவற்றையும் சொன்னேன். "இந்தப் பாட்டு எங்களுக்கு இல்லீங்க. நாங்க சத்தம் போடக் கூடாதுன்னு கதவைச் சாத்திக்கிட்டு எழுதின பாட்டு இது" என்று சொன்னேன். இதோடு கூட்டம் கலைந்து போய்விடும், அப்பா பேர் கெட்டுவிடும், நீ போனில் கத்துவாய் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் நின்றேன். அப்புறம் ஒருவர் பின்னாலிருந்து கைதட்ட ஆரம்பித்தார், மொத்தக் கூட்டமும் தட்டியது. "ஒரு பாட்டுக்காகக் குடும்பமே எப்படி ஒத்துழைச்சிருக்கு பாருங்க" என்று பாட்டு டீச்சர் மூக்கை உறிஞ்சினார். "உங்கம்மா எப்பேர்ப்பட்ட தியாகி" என்று ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வழிகாட்டித் தம்பி போகும்போது என்னிடம் ரகசியமாகச் சொன்னான், "அக்கா, இது தெரியாம இத்தனை வாரம் வீணாப் போச்சே. அடுத்த வாரத்திலேர்ந்து பாட்டுக்கு முன்னாடி எல்லாரையும் வாயைப் பொத்திக்கிட்டு ஒரு நிமிஷம் நிக்க வைக்கலாம்." என் அம்மா உன் வாயைப் பொத்தியதை, அண்ணா, இனி வாரா வாரம் காலாற நடக்க வருகிறவர்கள் செய்து பார்க்கப் போகிறார்கள். உண்மையைச் சொன்னால் மானம் போகும் என்றுதான் எனக்குத் தெரியும், கைதட்டல் வாங்கும் என்று தெரியாது.

இப்போது உனக்கு ஒன்று சொல்கிறேன், வேறு யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கும். அதுதான் எரிச்சல். நன்றாக இல்லாத பாட்டாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். "இவள்முகமே படித்திருக்க" என்று வருகிறபோது ஒவ்வொரு வாரமும் அந்த வரியை இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல இருக்கிறது, அது பாட்டு டீச்சரின் மெட்டால் இல்லை. அப்பா செத்த பிறகு ரொம்ப நாள் யோசித்து ஒரு சமாதானத்துக்கு வந்திருந்தேன். சிலருக்குச் சமையல் வராது, சிலருக்குக் கணக்கு வராது. அப்பாவுக்குக் குழந்தையைத் தூக்க வராது. வராததை அவரிடம் கேட்டு என்ன பிரயோஜனம்; காகிதத்தில் வந்தது, கையில் வரவில்லை, அவ்வளவுதான் என்று மனசை மடித்து வைத்திருந்தேன். அதை வாரா வாரம் வந்து கலைத்துவிட்டுப் போகிறார்கள். இல்லாத மடியில் என்னைப் படுக்க வைத்து, எழுப்பி, நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள். இனி என்னால் முடியாது.

ஆகையால் நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. நீ வாயால் கொடுத்த சரியை நீயே எழுத்தால் வாங்கிக்கொள். எங்கள் வீட்டு வாசலில் நிற்கக் கூடாது, என் தங்கையைக் கண்மணி என்று சொல்லக் கூடாது என்று நூலகத்துக்கு எழுதிவிடு. நாளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பதால் நிற்பேன். அதற்கடுத்த வாரத்திலிருந்து ஷட்டரை இறக்கிப் பூட்டிவிடுவேன். உனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தால் நீ வண்டியேறி வந்து நில். மீசையோடு ஒரு கண்மணி நின்றால் அதற்கும் அவர்கள் கைதட்டத்தான் செய்வார்கள்.

கோபத்தில் ஏதாவது கூடக்குறைய எழுதியிருந்தால் மூத்தவன் நீ மன்னித்துக்கொள், நியாயமாக எழுதியதை மன்னிக்க வேண்டாம். அண்ணியை மாடிப்படி அதிகம் ஏற வேண்டாம் என்று சொல். பிள்ளைகளுக்கு என் ஆசி. அவர்களையாவது மடியில் வைத்திருந்தாய், அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அந்த ஒன்றுக்காக உன் மேல் எனக்கு எப்போதும் பிரியம் உண்டு.

இப்படிக்கு,
உன் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

காலையில் வந்தார்கள், வாயைப் பொத்தினார்கள், பாடினேன், போனார்கள். ஒரு பெண் மட்டும் போகவில்லை. என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள், வெளியூரிலிருந்து இந்த நடைக்கென்றே வந்திருக்கிறாள். தேய்க்கக் கொடுக்க வந்தவள் மாதிரி தயங்கித் தயங்கிக் கடைக்குள் வந்து, "தப்பா நினைச்சுக்காதீங்க, மெட்டு இது இல்லக்கா" என்றாள். நமக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் குடியிருந்தவர்களாம். அவளுடைய அப்பாவும் நம் அப்பாவோடு கடிதம் பிரித்தவர், நம் அப்பா பகல் ஷிஃப்ட், அவர் ராத்திரி. "நான் பொறந்ததிலேர்ந்து எங்கம்மா ஆஸ்பத்திரியிலேயே இருந்தாங்க. அப்பா ஷிஃப்டுக்குப் போயிட்டா அத்தை வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் என்னைப் பார்த்துக்க ஆள் இல்ல. பெரியப்பாதான் தினமும் சாயங்காலம் வந்து மடியில போட்டுக்குவாராம். இந்தப் பாட்டைப் பாடினாத்தான் அழுகையை நிறுத்துவேனாம். அவர் பாடினதைக் கேட்டு எங்கப்பா கத்துக்கிட்டு, அப்புறம் ரொம்ப வருஷம் எனக்குப் பாடினாரு." பெரியப்பா என்று அவள் சொன்னது நம் அப்பாவை.

நம்பக் கூடாது என்றுதான் பார்த்தேன். பாடிக் காட்டினாள். "கனக்கின்றாள்" என்கிற இடத்தில் குரல் ஏறவில்லை அண்ணா, இறங்கியது. தூங்குகிற குழந்தையை வைத்துக்கொண்டு யாரும் உரக்கப் பாட மாட்டார்கள் இல்லையா. கேட்டவுடன் தெரிந்துவிட்டது. அப்படியானால் நாம் பின்பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் முன்னறையில் ஆளே இல்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, தெருக்கதவு வழியாக இறங்கிப் போயிருக்கிறார். காலி அறைக்காக நீ இருமலை அடக்கியிருக்கிறாய். அம்மாவுக்கு இது தெரியுமா தெரியாதா என்று யோசித்துப் பார்த்தேன், இரண்டில் எது தேவலை என்று எனக்குப் புரியவில்லை.

அந்தப் பெண் நல்லவள். கண்ணில் தண்ணீரோடு, "உங்க ரெண்டு பேருக்கும் பாடிப் பாடித்தான் அவருக்குக் கை பழகியிருக்கும்னு எங்கப்பா அடிக்கடி சொல்வாரு. உங்களுக்கு வேற என்னெல்லாம் பாடுவாரு?" என்று கேட்டாள்.

"நிறையப் பாடுவாரு" என்று சொல்லிவிட்டேன்.

வழிகாட்டித் தம்பியிடம் இதைச் சொல்லலாமா என்று கேட்டாள். சொன்னால் அவன் அவளைக் கொண்டுவந்து இந்த வாசலிலேயே நிறுத்துவான். நடை இன்றோடு முடிந்துவிட்டது, இனிக் கிடையாது என்று சொல்லி, பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு வந்தேன். அனுப்புவதற்கு முன் அந்த மெட்டைத் திரும்பத் திரும்பப் பாடச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். அவள் போன பிறகு அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தேன், பொறாமைதான் வந்தது.

ஆகவே மேலே எழுதிய எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதே. நூலகத்துக்கு ஒரு வரியும் எழுத வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வாசலில் நிற்பேன், அதற்கடுத்த வாரமும் நிற்பேன், சரியான மெட்டில் பாடுவேன். யாராவது போன் செய்து கேட்டால், கண்மணி என் தங்கைதான் என்று நீயும் சொல்.